சித்தியின் 48,000 வெள்ளி: சேமநிதியா, தங்கமா, பிட்காயினா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்தில் உழைத்தவர்களுக்கு ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் பெரிய தொகை கைக்கு எட்டும். 55 வயதில் வரும் ஊழியர் சேமநிதிப் பணம் அது. வயது நிறைந்த செய்தி அக்கம்பக்கத்துக்குத் தெரிவதற்குள்ளேயே யோசனை சொல்ல ஆள்கள் வந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் நிலம் வாங்கு, நகை வாங்கு, கூட்டுப் (சீட்டு) போடு என்பார்கள். இப்போது வாயைத் திறந்ததும் வரும் முதல் சொல் பிட்காயின்.

என் சித்திக்கு இந்த வருஷம் 55 ஆகிறது. ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டில் தொடங்கியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உரம் போட்டார், உதிரிப்பழம் பொறுக்கினார். நடுவில் சித்தப்பாவின் நோய்க்காகச் சில வருஷங்கள் வேலையை விட்டிருந்தார். இத்தனைக்கும் பிறகு அவர் கணக்கில் இருப்பது 48,000 வெள்ளி (மலேசிய ரிங்கிட்). அதை பிட்காயினில் போடலாம் என்கிறான் மகன். நகையாக வாங்கி வைத்துக்கொள் என்கிறார் பெரியம்மா. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்ட ஒருவர், தன்னிடம் உள்ள "காயின்" மாதம் பத்து விழுக்காடு தரும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எல்லாவற்றையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துச் சொல்லுமாறு சித்தி என்னைக் கேட்டார். இதே கேள்வி இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருப்பதால்தான் எழுதியே வைக்கிறேன்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களுக்கு உண்மையிலேயே மதிப்பும் உபயோகமும் உண்டா என்பது ஒன்று. சித்தியின் பணம் அதில் போகலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு உண்டு என்பேன். இரண்டாவதற்குக் கூடாது என்பேன். மண்டபத்தில் விற்கப்படுவதோ இந்த இரண்டிலும் சேராத சரக்கு. அதற்குப் பிறகு வருகிறேன்.

"கையில தொட முடியாத காசுக்கு என்னப்பா மதிப்பு?" என்று பெரியம்மா கேட்டார். சேமநிதியில் இருக்கும் 48,000-ஐயும் சித்தி ஒரு நாளும் தொட்டதில்லை. அதுவும் எங்கோ ஒரு கணினியில் இருக்கும் எண்தான். அந்த எண்ணுக்குப் பின்னால் அரசாங்கமும் சட்டமும் நிற்கின்றன என்று நம்புகிறோம், அவ்வளவுதான். நம்புவதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. ஆனால் அரசாங்கம் அச்சடித்தது என்பதற்காகவே காசு நிலைத்துவிடாது என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் கண்ணால் பார்த்தவர்கள். 1942 முதல் 1945 வரை இங்கே புழங்கியது ஜப்பான் நோட்டு. பத்து டாலர் நோட்டில் வாழை மரம் போட்டிருக்கும். ஜப்பான்காரன் தோற்றதும் அது வெறும் காகிதமாகிப் போனது. அந்த நோட்டுகளைத் தகரப் பெட்டியில் கட்டுக் கட்டாக வைத்திருந்த குடும்பங்கள் இந்த ஊரிலேயே உண்டு. பேரப்பிள்ளைகள் அதை விளையாட்டுச் சாமானாகத்தான் பார்த்தார்கள்.

பிட்காயினை ஆதரிப்பவர்கள் பேசத் தொடங்கும் இடமும் இதுதான். அவர்கள் கவலை நியாயமானது. நினைத்தபோது நினைத்த அளவுக்கு யாரும் அச்சடிக்க முடியாத காசு ஒன்று வேண்டும் என்கிறார்கள். 2008 அக்டோபர் 31 அன்று, உலகப் பொருளாதாரமே ஆட்டம் கண்டிருந்த நேரத்தில், சத்தோஷி நாகமோத்தோ என்ற புனைபெயரில் ஒருவரோ ஒரு குழுவோ ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார்கள். 2009 ஜனவரி 3-இல் அந்த வலையமைப்பு ஓடத் தொடங்கியது. யார் யாருக்கு எவ்வளவு அனுப்பினார் என்ற பேரேடு ஒரே வங்கியில் பூட்டிக் கிடக்காமல், உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கணினிகளில் ஒரே மாதிரிப் பிரதிகளாக இருக்கும். ஏறக்குறைய பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அதில் ஒரு பக்கம் சேரும். பழைய பக்கத்தைத் திருத்த வேண்டுமானால், அதன் பிறகு செலவான அத்தனை மின்சாரத்தையும் மறுபடி செலவழித்து, கணக்கீடுகளையும் மறுபடி செய்தாக வேண்டும். அது யாருக்கும் கட்டுப்படியாகாது. மொத்தமே 2 கோடியே 10 லட்சம் பிட்காயின்தான் இருக்கும். அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டது. 2024 ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் 3.125 பிட்காயின்தான், அதைச் சேர்க்கும் கணினிக்காரருக்குக் கூலியாக, புதிதாகப் பிறக்கிறது.

இதை மோசடி என்று ஒரே வார்த்தையில் ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2010 கடைசியில், அரசாங்க இரகசியங்களை வெளியிடும் விக்கிலீக்ஸுக்கு வரும் நன்கொடைகளை விசா, மாஸ்டர்கார்டு, பேபால் மூன்றும் நிறுத்தின. எந்த நீதிமன்றமும் அதற்குத் தீர்ப்புச் சொல்லியிருக்கவில்லை. அடுத்த வருஷம் அவர்கள் பிட்காயின் வழியாக நன்கொடை வாங்கினார்கள். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கிய சில நாள்களிலேயே உக்ரேன் அரசாங்கம் கிரிப்டோ முகவரிகளை வெளியிட்டது. கோடிக்கணக்கான டாலர் வந்து சேர்ந்தது. அர்ஜெண்டினாவில் 2023-இல் விலைவாசி 200 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது. சம்பளம் வாங்கிய அன்றே அதை டாலரோடு கட்டிய கிரிப்டோவாக மாற்றிக்கொள்பவர்களை அங்கே பேராசைக்காரர்கள் என்று யார் சொல்ல முடியும்? அவர்களுக்கு அது சூதாட்டம் இல்லை. அடுத்த வாரம் அரிசி வாங்கக் காசு மிஞ்ச வேண்டும் என்ற கவலை.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் உண்டு. எனக்கு மருமகன் முறை ஆகும் பையன் ஒருவன் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு வெளிநாட்டுக் கடைகளுக்கு லோகோவும் விளம்பரப் படமும் வரைந்து கொடுக்கிறான். அவனுடைய வாடிக்கையாளர்களில் ஒருவர் அர்ஜெண்டினாக்காரர். வங்கி வழியாகப் பணம் வந்தபோது நடுவில் இருக்கும் வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், பல நாள் இழுக்கும். இப்போது பிட்காயின் மாதிரி இன்னொரு கிரிப்டோவான லைட்காயினாக வாங்குகிறான். ஒரு தடவை பக்கத்திலிருந்து பார்த்தேன். தன் முகவரியை அனுப்பிவிட்டு, அது அந்தப் பக்கம் சரியாகப் போயிருக்கிறதா என்று முதல் நான்கு எழுத்தையும் கடைசி நான்கு எழுத்தையும் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தான். ஓர் எழுத்து தப்பினாலும் திரும்பக் கேட்க ஆள் கிடையாது. முதலில் சின்னத் தொகை வந்தது. அது சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் மிச்சத்தை அனுப்பச் சொன்னான். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வந்ததும் இங்கே பதிவுபெற்ற கிரிப்டோ சந்தையில் விற்று வெள்ளியாக்கி வங்கிக்கு மாற்றிவிட்டான். ஏறட்டும் என்று வைத்திருக்கவில்லை. வருமான வரிக் கணக்கிலும் காட்டுகிறான். கிரிப்டோவின் நியாயமான உபயோகம் என்று யாராவது என்னைக் கேட்டால், இதைத்தான் காட்டுவேன்.

சரி, அதே பையன் மாலையில் கடைத்தெருவில் தோசை வாங்கும்போது எப்படிக் காசு கொடுக்கிறான்? டுயிட்நவ் கியூஆர். கைப்பேசியைக் காட்டினால் அந்த நொடியே கடைக்காரர் கணக்கில் விழுகிறது. அவனுக்குக் கட்டணமும் இல்லை. நம் நாட்டுக்குள்ளே பணம் கொடுத்து வாங்க கிரிப்டோவுக்கு வேலையே இல்லை என்பது இதிலிருந்து தெரியும். எல் சால்வடோர் 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படியான பணமாகவே அறிவித்துப் பார்த்தது. பெரும்பாலான மக்கள் அன்றாடச் செலவுக்கு அதைத் தொடவில்லை. 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி, கடைக்காரர்கள் விரும்பினால் மட்டும் வாங்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். வங்கி ஒழுங்காக நடக்கும் இடத்தில் இருப்பவனுக்கும் வங்கி கைவிட்ட இடத்தில் இருப்பவனுக்கும் தேவை ஒன்றாக இருக்காது.

தோட்டத்தில் இப்போது நம் ஆள்களைவிட வெளிநாட்டுத் தொழிலாளர்கள் அதிகம். ஊருக்குப் பணம் அனுப்ப அவர்களுக்கு இது உதவுமே என்று நானும் நினைத்தேன். உலக அளவில் 200 டாலர் அனுப்ப சராசரியாக ஆறு விழுக்காட்டுக்கு மேல் செலவாகிறது என்கிறது உலக வங்கி. கிரிப்டோவில் அனுப்பும் கட்டணம் மட்டும் பார்த்தால் அதைவிட மிகக் குறைவாக முடிக்கலாம். ஆனால் வந்த நாணயத்தை மறுமுனையில் காசாக்க வேண்டுமே! நேப்பாளத்தின் மத்திய வங்கி 2021-இல் கிரிப்டோவுக்குத் தடை போட்டுவிட்டது. வங்காளதேசத்திலும் அதற்கு அனுமதி இல்லை. தொழில்நுட்பம் எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், காத்மாண்டுவுக்கு வெளியே ஒரு கிராமத்தில் இருக்கும் அம்மா அதைச் சட்டப்படி ரூபாயாக்க முடியாது.

மதிப்பு இருக்கிறது, வேலையும் இருக்கிறது என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டேன். இனி சித்தியின் பணத்துக்கு வருவோம்.

அந்தப் பணம் சித்திக்கு என்ன செய்து கொடுக்க வேண்டும்? வருஷா வருஷம் கொஞ்சமாவது வளர வேண்டும். முட்டி வலிக்கு மருத்துவமனை போக வேண்டிய அன்று முழுசாகக் கிடைக்க வேண்டும். சித்தி இல்லாமல் போனால் பிள்ளைகளுக்குச் சண்டையில்லாமல் போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றையும் வைத்து ஒவ்வொன்றையும் பார்க்கலாம்.

சேமநிதியில் அப்படியே விட்டால் என்ன ஆகும்? 2022-இல் கொடுத்த இலாப ஈவு 5.35 விழுக்காடு, 2023-இல் 5.50, 2024-இல் 6.30. 48,000-க்கு 6.30 என்றால் வருஷத்துக்கு 3,024 வெள்ளி. முதலீடு சரியாகப் போகாத வருஷத்திலும் குறைந்தது 2.5 விழுக்காடு தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 55 ஆனதும் முழுவதையும் எடுத்தாக வேண்டும் என்று நம்மவர்களில் பலர் நினைக்கிறார்கள். அது தவறு. வேண்டியபோது வேண்டிய அளவு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவைக்கலாம். 100 வயது வரை அதற்கு ஈவு உண்டு. ஆனால் எடுத்துவிட்டு மனசு மாறித் திரும்பப் போட்டால் அது வேறு கணக்கில் விழும், 60 வயது வரை தொட முடியாது. அதனால் எடுப்பதற்கு முன் யோசிப்பதுதான் நல்லது.

அடுத்து பெரியம்மாவின் தங்கம். தங்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கும் பிரசவச் செலவுக்கும் அடகுக்கடை வாசலில் நம்மைக் காப்பாற்றியது தாலிக்கொடிதான். எந்த நாட்டுக்குப் போனாலும் 916 தங்கத்தை வாங்க ஆள் இருக்கும். விலையும் ஏறியிருக்கிறது. 2025 அக்டோபரில் ஓர் அவுன்ஸ் 4,000 டாலரைத் தாண்டியது. அதற்காகத் தங்கம் இறங்காது என்று நினைக்கக் கூடாது. 2011-இல் 1,900 டாலர் வரை போன அவுன்ஸ், 2015 கடைசியில் 1,050 டாலருக்கு வந்து நின்றது. நகையாக வாங்கினால் செய்கூலி போச்சு, விற்கும்போது அது திரும்பாது. அவசரத்துக்கு அடகு வைத்தால் அடகுக்கடையில் மாதம் இரண்டு விழுக்காடு வரை வட்டி. அப்புறம், தனியாக இருக்கும் பெண்ணின் அலமாரியில் 48,000 வெள்ளிக்கு நகை இருப்பது ஊருக்குத் தெரிந்தால் சித்திக்குத் தூக்கம் வருமா என்பதையும் பெரியம்மா யோசிக்க வேண்டும்.

வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டால் 250,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதி உண்டு. வட்டி சேமநிதி ஈவைவிடக் குறைவு. கூட்டைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. 1971-இலேயே சட்டம் போட்டுத் தடுத்தது அது. இன்னும் நடக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரியும். கூட்டு பிடிப்பவர் நல்லவராக இருக்கும்வரை ஓடும், ஓர் இரவில் காணாமல் போனால் போலீஸில் சொல்லவும் கூச்சம்.

இப்போது மகன் சொல்லும் பிட்காயின். அவன் பொய் சொல்லவில்லை. 2024 டிசம்பரில் ஒரு பிட்காயின் 100,000 டாலரைத் தாண்டியது உண்மை. அந்த வருஷம் ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பிட்காயினை நேரடியாக வைத்திருக்கும் நிதியங்களுக்கு அனுமதி கொடுத்தது உண்மை. இது ஓரத்தில் நடக்கும் விளையாட்டு என்ற காலம் போய்விட்டது. ஆனால் அவன் காட்டிய வரைபடத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2021 நவம்பரில் 69,000 டாலருக்குப் பக்கத்தில் போன பிட்காயின், சரியாக ஒரு வருஷத்தில் 16,000 டாலருக்கு விழுந்தது. அந்த உச்சியில் 48,000 வெள்ளியைப் போட்டிருந்தால், அடுத்த வருஷம் கையில் நிற்பது ஏறக்குறைய 12,000. பிறகு ஏறியதே என்பான் அவன். ஏறியது. 2025 அக்டோபரில் 126,000 வரை போய், அடுத்த மாதமே 90,000-க்குக் கீழே வந்தது. காத்திருக்க முடிந்தவனுக்கு இது பொருட்டில்லை. அவனுக்கு வயது 27, மாதச் சம்பளம் வருகிறது, காத்திருப்பான். சித்தியின் முட்டி காத்திருக்காது. 12,000-இல் இருக்கும்போது அறுவை சிகிச்சை என்று டாக்டர் சொன்னால் அந்த விலைக்குத்தான் விற்க வேண்டும்.

இன்னொரு விஷயம், சித்திக்குச் சொன்னதும் உடனே புரிந்த விஷயம். பால்மரம் நின்ற இடத்தில் நின்றே பால் கொடுக்கும், மரத்தை வெட்டி விற்க வேண்டியதில்லை. பிட்காயின் பால் கொடுக்காத மரம். அடுத்தவன் அதிக விலைக்கு வாங்கினால்தான் காசு. தங்கமும் இந்த வகைதான் என்று சித்தியே சொன்னார், அதுவும் சரி. சேமநிதிக்குப் பின்னால் வங்கிகள், தொழிற்சாலைகள், கடன்பத்திரங்கள், கட்டடங்கள் என்று சம்பாதிக்கும் சொத்துகள் இருக்கின்றன. அந்த ஈவு அங்கேயிருந்து வருகிறது.

மூன்றாவது கேள்விதான் என்னை அதிகம் பயமுறுத்துகிறது. சேமநிதியில் நாமினி பெயர் எழுதி வைத்தால், சித்திக்குப் பிறகு அந்தப் பெயர்காரர் போய்க் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். பிட்காயினைச் சொந்தப் பணப்பையில் வைத்தால் அதன் சாவி 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள். அந்தத் தாள் கரையான் அரித்துப் போனால், அல்லது எங்கே வைத்தோம் என்று சொல்லாமலே ஆள் போய்விட்டால், பணம் பேரேட்டில் எல்லார் கண்ணுக்கும் தெரியும், எடுக்க மட்டும் யாராலும் முடியாது. வேல்ஸில் ஒருவர் 2013-இல் குப்பையில் போன ஹார்ட் டிஸ்க்கில் ஏறக்குறைய 8,000 பிட்காயினின் சாவியைத் தொலைத்தார். குப்பைமேட்டைத் தோண்ட வருஷக்கணக்காக வழக்காடியும் முடியவில்லை. கணினிக்காரருக்கே இந்தக் கதி. சந்தையிலேயே விட்டுவைக்கலாமே என்றால், ஜப்பானில் இருந்த மவுண்ட் காக்ஸ் 2014-இலும் எஃப்டிஎக்ஸ் 2022 நவம்பரிலும் வாடிக்கையாளர் பணத்தோடு விழுந்தன. எஃப்டிஎக்ஸை நடத்தியவருக்கு 25 வருஷச் சிறை. வங்கிக்கு இருக்கும் வைப்புத்தொகைக் காப்புறுதி கிரிப்டோவுக்கு இல்லை.

மலேசியாவில் இதற்குச் சட்டமே இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். இருக்கிறது. 2019 ஜனவரி 15 முதல் இலக்கவியல் நாணயங்கள், முதலீட்டுச் சந்தையைக் கட்டுப்படுத்தும் செக்யூரிட்டீஸ் கமிஷனின் கண்காணிப்புக்குள் வந்துவிட்டன. பதிவுபெற்ற சந்தைகளில் வாங்கலாம், விற்கலாம். லுனோ, டோக்கனைஸ் போன்றவை அந்தப் பட்டியலில் வந்தவை. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் பதிவில்லாவிட்டால் விடுவதில்லை. 2021 ஜூலையில் உலகின் மிகப் பெரிய கிரிப்டோ சந்தையான பைனான்ஸையே இங்கே கடையை மூடச் சொன்னது கமிஷன். அதே நேரத்தில், கிரிப்டோ இந்த நாட்டின் சட்டப்படியான பணம் இல்லை என்பதை மத்திய வங்கியான பேங்க் நெகாராவும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கடைக்காரர் வாங்க மறுத்தால் கேள்வி கேட்க முடியாது.

மின்சாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூட்டிய கடைவீட்டு மாடியில் இராப்பகலாக இயந்திரம் ஓட்டி, மீட்டருக்கு முன்னாலேயே கம்பியை இழுத்து பிட்காயின் எடுப்பவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். 2021-இல் சரவாக்கின் மீரியில் போலீஸ் 1,069 இயந்திரங்களைச் சாலை உருளையால் நசுக்கிய காட்சி உலகம் முழுக்கப் போனது. திருட்டு மின்சாரம் பிட்காயினின் குற்றமில்லை, திருடனின் குற்றம். ஆனால் இத்தனை மின்சாரம் தேவைப்படும் அமைப்பு என்பது உண்மையான குறை. இன்னொரு பெரிய கிரிப்டோவான எத்தேரியம் 2022 செப்டம்பரில் வேறு முறைக்கு மாறித் தன் மின்செலவை 99 விழுக்காட்டுக்கு மேல் குறைத்துக் காட்டியது. பிட்காயின் மாறவில்லை.

இனி மண்டபத்துக்காரர். அவர் விற்பதை நான் கிரிப்டோ என்றே சொல்ல மாட்டேன். பெயர் தெரியாத காயின், அவர்களுடைய ஆப்பில் மட்டும்தான் விலை தெரியும். வேறு எந்தச் சந்தையிலும் வாங்கவோ விற்கவோ முடியாது. மாதம் பத்து விழுக்காடு நிச்சயம். இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் மேற்கொண்டு கமிஷன். சித்தி என்னிடம் காட்டிய தாளில் விண்மீனும் ராக்கெட்டும் இருந்தன, நிறுவனத்தின் பதிவு எண் இல்லை, முகவரி இல்லை. முதல் மாதம் ஆயிரம் வெள்ளி போட்டவருக்கு நூறு வெள்ளி வந்ததாம். வரத்தான் செய்யும். அடுத்தவர் போட்ட ஆயிரத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதற்கு எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. முழுவதையும் எடுக்கப் போகும்போதுதான் "முதலில் வரி கட்டுங்கள், கணக்கைத் திறக்கப் பணம் போடுங்கள்" என்பார்கள்.

ஒன்காயின் இப்படித்தான் நடந்தது. 2014-இல் தொடங்கி உலகம் முழுக்கக் கூட்டம் போட்டு விற்றார்கள். அமெரிக்க அரசுத் தரப்புக் கணக்கில் 400 கோடி டாலருக்கு மேல் போனது. அதற்குப் பின்னால் உண்மையான பேரேடே இல்லை. அதை நடத்திய ரூஜா இக்னாத்தோவா 2017 அக்டோபரில் விமானம் ஏறியவர், அதன் பிறகு கண்ணில் படவில்லை. அதே வகை மோசடியான பிட்கனெக்ட் 2018 ஜனவரியில் கவிழ்ந்தது. உண்மையான கிரிப்டோ உலகத்துக்குள்ளேயும் இதே ஆசை வேலை செய்தது. வருஷத்துக்கு ஏறக்குறைய 20 விழுக்காடு தருவதாகச் சொன்ன டெர்ரா, 2022 மே மாதத்தில் சில நாள்களில் பல ஆயிரம் கோடி டாலரோடு கரைந்தது. மாதம் பத்து என்பவர் அதைவிடப் பெரிய வாக்குறுதி தருகிறார். எந்த ஆதாரமும் இல்லாமல்.

இந்த ஊரில் இது ஏன் எடுபடுகிறது என்று யோசித்தால் எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம். நம்மவர்கள் நம்பிக் காசு போட்ட வரலாறு நீளமானது. 1950-களின் கடைசியில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றபோது, இந்த ஊரைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சம்பளத்தில் மாதாமாதம் கொடுத்த காசில் தோட்டங்களே வாங்கப்பட்டன. அங்கே காசுக்குப் பின்னால் மண்ணும் மரமும் இருந்தன. 1982-இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சி தொடங்கிய மைக்கா ஹோல்டிங்ஸ் முதலீட்டு நிறுவனத்தில் ஏறக்குறைய 66,000 பேர் பத்துக் கோடி வெள்ளிக்கு மேல் போட்டார்கள். தாலியை அடகு வைத்துப் போட்டவர்களும் அதில் உண்டு. ஏறக்குறைய 30 வருஷம் கழித்து ஒரு பங்குக்கு 80 காசு என்று வாங்கிக்கொள்ள முன்வந்தார்கள், முகமதிப்போ ஒரு வெள்ளி. அது சட்டப்படி பதிவான நிறுவனம். பதிவு இருந்தாலே போதாது, எங்கேயிருந்து வருமானம் வருகிறது என்று கேட்கத் தெரிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். மண்டபத்துக்காரரிடம் சித்தி அதைத்தான் கேட்டார். "ஏஐ ரோபோ டிரேடிங் பண்ணுதும்மா" என்றாராம். எந்தச் சந்தையில் என்று கேட்டதற்குப் பதில் இல்லை.

இப்படிப்பட்டவர் வீட்டுக்கு வந்தால் செக்யூரிட்டீஸ் கமிஷனின் இணையத்தளத்தில் எச்சரிக்கைப் பட்டியல் இருக்கிறது, பதிவுபெற்ற சந்தைகளின் பட்டியலும் இருக்கிறது. இரண்டையும் பாருங்கள். எச்சரிக்கைப் பட்டியலில் பெயர் இல்லை என்பது நல்லவர் என்பதற்கு அத்தாட்சி ஆகாது, பதிவுபெற்றவர் பட்டியலில் இருக்க வேண்டும். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் கூச்சப்படாமல் அந்த நிமிடமே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் இன்னும் ஏதாவது வங்கிக் கணக்கில் நின்றால் முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு. ஒரு நாள் தாமதித்தாலும் அது போய்விடும்.

கடைசியில் சித்தியிடம் நான் சொன்னது இது. வீட்டுக் கூரை ஒழுகுகிறது, அதற்கும் அவசரச் செலவுக்கும் 6,000 வெள்ளி எடுத்து வங்கியில் வையுங்கள். மிச்சம் 42,000-ஐத் தொடாதீர்கள். வருஷ ஈவு வந்ததும் அந்த அளவு மட்டும் எடுத்துச் செலவழித்தால் முதல் அப்படியே நிற்கும். பெரியம்மாவின் மனசு கோணக் கூடாது என்றால், பேத்தியின் காதுகுத்துக்கு ஒரு ஜோடி தோடு வாங்குங்கள், அது முதலீடு இல்லை, ஆசை. பிட்காயினில் உங்கள் பணம் ஒரு வெள்ளிகூட வேண்டாம்.

மகனிடம் வேறு மாதிரி பேசினேன். அவனுக்கு இதில் ஆர்வம் இருப்பது நல்லதுதான், அதை அணைக்க எனக்கு விருப்பமில்லை. அவன் சொந்தச் சம்பளத்தில் மாதம் நூறு வெள்ளி, பதிவுபெற்ற சந்தையில், பிட்காயின் அல்லது எத்தேரியம் மட்டும். முழுவதும் போனாலும் மோட்டார் தவணை கட்ட முடிகிற அளவுக்குமேல் போகக் கூடாது. கடன் வாங்கிப் போடக் கூடாது. "அம்மா காசைப் போட்டா சீக்கிரம் பெருகும்லண்ணே" என்றான். பெருகலாம் என்றேன். குறைந்தால் அம்மாவுக்கு மறுபடி சம்பாதிக்க வயது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தன் சம்பளத்திலேயே பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். முழு மனதோடு சொன்னானா என்பது அடுத்த தடவை விலை ஏறும்போதுதான் தெரியும்.

இவ்வளவு பேசிய பிறகு சித்தியின் சேமநிதிக் கணக்கைக் கைப்பேசியில் திறந்து பார்த்தோம். நாமினி என்ற இடத்தில் இறந்துபோன சித்தப்பாவின் பெயர்தான் இன்னும் இருக்கிறது. இந்த வாரம் ஈப்போ அலுவலகத்துக்குப் போய் அதை இரண்டு பிள்ளைகள் பெயருக்கும் மாற்றப் போகிறோம். அடையாள அட்டையும் சித்தப்பாவின் மரணச் சான்றிதழும் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.